தெருவும் தெரியணும், முகமும் தெரியணும்

அத்தியாயம் 4: வீட்டு சிசிடிவி கேமராவுக்கு லென்ஸ் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது

என் அக்கா வீட்டுக்கு நானே கேமரா மாட்டிக் கொடுத்தேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட 2 மெகாபிக்சல் கேமரா. அங்கிருந்து கேட் 11 மீட்டர். டிவியில் படம் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தெருவின் இரண்டு முனையும் தெரிந்தன. எதிர் வீட்டு வேப்பமரம்கூடத் தெரிந்தது. எட்டு மாதம் கழித்து ஒருநாள் விடிகாலையில், வாசலில் நின்ற ஸ்கூட்டரைக் காணவில்லை. பதிவைப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் வருகிறார், பூட்டை நெம்புகிறார், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார். அத்தனையும் பதிவாகியிருந்தது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பதினான்கு கட்டம் அகலத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு. "எல்லாம் தெரியுதுடா, மூஞ்சி மட்டும் ஏன் தெரியல?" என்று அக்கா கேட்டாள்.

கேமராவில் பழுது இல்லை. லென்ஸைத் தேர்ந்தெடுத்ததில்தான் நான் தவறியிருந்தேன். அதே தவறு உங்கள் வீட்டில் நடக்காமல் பார்த்துக்கொள்ள இந்த அத்தியாயம் உதவும். ஒரு அளவு டேப், ஒரு மொபைல் போன், பெருக்கல் வகுத்தல் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

## தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கணக்கு

ஒரு கரண்டி மாவை ஊத்தப்பமாகவும் வார்க்கலாம், ரோஸ்ட்டாகவும் இழுக்கலாம். இழுக்க இழுக்க அகலம் கூடும், கனம் குறையும். மாவு அதே ஒரு கரண்டிதான். கேமராவில் பிக்சல்தான் மாவு. 2 மெகாபிக்சல் படத்தில் இடமிருந்து வலமாக 1920 பிக்சல் இருக்கும். அதை 6 மீட்டர் அகலத்துக்கு விரிப்பதா, 20 மீட்டர் அகலத்துக்கு விரிப்பதா என்று முடிவு செய்வது லென்ஸ். லென்ஸின் மில்லிமீட்டர் எண் குறைந்தால் காட்சி அகலும், நுணுக்கம் மெலியும். எண் கூடினால் காட்சி குறுகும், நுணுக்கம் கனக்கும்.

இரண்டு வரிக் கணக்கு இது:

- காட்சியின் அகலம் = தூரம் × 5.5 ÷ லென்ஸின் மில்லிமீட்டர்
- ஒரு மீட்டருக்குப் பிக்சல் = படத்தின் கிடைமட்டப் பிக்சல் ÷ காட்சியின் அகலம்

5.5 என்பது வீட்டு கேமராக்களில் பரவலாக இருக்கும் 1/2.8 அங்குல சென்சாரின் அகலம், மில்லிமீட்டரில். உங்கள் கேமராவின் சென்சார் வேறு அளவு என்றால் இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். தூரத்தை மீட்டரில் போட வேண்டும். அடியில் அளந்திருந்தால் 3.28 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

வரும் விடையை எதனுடன் ஒப்பிடுவது? கண்காணிப்பு கேமராக்களுக்கான 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை 2014ல் வகுத்த படிநிலைகளைத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள்:

- மீட்டருக்கு 25 பிக்சல்: அங்கே ஆள் இருக்கிறார் என்று தெரியும்.
- 62 பிக்சல்: என்ன உடை, என்ன செய்கிறார் என்று தெரியும்.
- 125 பிக்சல்: ஏற்கெனவே பழகியவர் என்றால் இன்னார் என்று சொல்லலாம்.
- 250 பிக்சல்: முன்பின் தெரியாதவரின் முகத்தையும் அடையாளம் காணலாம்.

முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர். 250 என்ற படிநிலையில் ஒரு முகத்துக்கு 40 பிக்சல் கிடைக்கும். அக்கா வீட்டுக் கேமராவில் காட்சியின் அகலம் 21.6 மீட்டர், மீட்டருக்கு 89 பிக்சல், முகத்துக்கு 14. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டிருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும்.

## லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் படிகள்

1. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வியை எழுதுங்கள்.
வீட்டின் வரைபடத்தைக் கையால் கிறுக்கினாலும் போதும். கேட், முன்வாசல், வண்டி நிறுத்தும் இடம், பின்கதவு, பக்கவாட்டுச் சந்து எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் "என்ன நடந்தது?" அல்லது "யார்?" என்று எழுதுங்கள். முதல் கேள்விக்கு அகலம் வேண்டும், இரண்டாவதற்கு நுணுக்கம் வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு கேள்வியும் வந்தால் இரண்டு கேமரா வேண்டும் என்று பொருள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கேமராவுக்கு ஒரு வேலை.

2. கடந்தே ஆக வேண்டிய குறுகிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்.
தெருவில் போகும் எல்லா முகத்தையும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே வருகிறவர் கடந்தே ஆக வேண்டிய ஓர் இடம் எல்லா வீட்டிலும் இருக்கும். பெரும்பாலும் அது கேட் அல்லது மாடிப்படியின் அடி. நுணுக்கமான கேமராவை அங்கே குறிவையுங்கள். மூன்றரை மீட்டர் கேட்டுக்கு ஆறு மீட்டர் காட்சி தாராளம்.

3. தூரத்தை டேப்பால் அளவெடுங்கள்.
கேமரா வரப்போகும் சுவரிலிருந்து ஆள் நிற்கும் இடம் வரை அளக்க வேண்டும். கண்ணால் மதிப்பிடாதீர்கள். "பத்தடி இருக்கும்" என்று சொல்லப்படும் இடங்கள் அளந்தால் பதினைந்து அடி வருவதுண்டு.

4. கணக்குப் போட்டு லென்ஸைக் குறியுங்கள்.
முகத்தை அடையாளம் காண, அதாவது மீட்டருக்கு 250 பிக்சல் கிடைக்க, ஆள் அதிகபட்சம் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம்? போட்டு வைத்த விடைகள் இதோ:

- 2.8 மி.மீ.: 2 மெகாபிக்சலில் 3.9 மீட்டர், 4 மெகாபிக்சலில் 5.2 மீட்டர்
- 4 மி.மீ.: 5.6 மீட்டர், 7.4 மீட்டர்
- 6 மி.மீ.: 8.4 மீட்டர், 11.2 மீட்டர்
- 8 மி.மீ.: 11.2 மீட்டர், 14.9 மீட்டர்
- 12 மி.மீ.: 16.8 மீட்டர், 22.3 மீட்டர்

(4 மெகாபிக்சலுக்குக் கிடைமட்டமாக 2560 பிக்சல் என்று கொண்டது.)

அக்கா வீட்டு முன்சுவரிலிருந்து கேட் 9 மீட்டர். 6 மி.மீ. லென்ஸ் போட்டால் காட்சி 8.25 மீட்டர், மீட்டருக்கு 233 பிக்சல், மயிரிழையில் தவறுகிறது. 8 மி.மீ. போட்டால் காட்சி 6.2 மீட்டர், மீட்டருக்கு 310 பிக்சல். கேட்டும் முழுதாக வருகிறது, இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் மிச்சமும் இருக்கிறது. அதையே தேர்ந்தெடுத்தேன்.

5. போனை வைத்து ஒத்திகை பாருங்கள்.
வாங்கும் முன்பே காட்சியைப் பார்த்துவிடலாம். கேமரா வரப்போகும் இடத்தில் போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் 1x காட்சி 4 மி.மீ. லென்ஸுக்கும், 1.5x காட்சி 6 மி.மீ. லென்ஸுக்கும், 2x காட்சி 8 மி.மீ. லென்ஸுக்கும், 3x காட்சி 12 மி.மீ. லென்ஸுக்கும் ஏறத்தாழ ஒத்துவரும். 2.8 மி.மீ. காட்சிக்கு 0.7x வையுங்கள். கேட்டின் இரு தூணும் வருகிறதா, நடுவில் மரக்கிளையோ ஒயரோ மறைக்கிறதா என்று பாருங்கள். போன் காட்டும் தெளிவை மட்டும் நம்பாதீர்கள். இங்கே பார்ப்பது எவ்வளவு இடம் அடங்குகிறது என்பதைத்தான்.

> குறிப்பு: தூரம் உறுதியாகத் தெரியவில்லை என்றால் 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றக்கூடிய வேரிஃபோகல் லென்ஸ் கேமராவை வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் தப்பான லென்ஸை வாங்கி மறுபடி ஏணி ஏறுவதைவிட அது மேல்.

## மெகாபிக்சலைக் கூட்டினால் போதாதா?

கடையில் இந்த யோசனைதான் முதலில் வரும். ஓரளவு உதவும், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2 மெகாபிக்சலிலிருந்து 8 மெகாபிக்சலுக்குப் போனால் பிக்சல் நான்கு மடங்காகிறது. கிடைமட்டமாக 1920 என்பது 3840 ஆகிறது, அதாவது இரண்டு மடங்குதான். முகம் தெரியும் தூரமும் இரண்டு மடங்குதான் கூடும். 4 மி.மீ. லென்ஸை 8 மி.மீ. ஆக மாற்றினாலும் அதே இரண்டு மடங்கு கிடைக்கும், பதிவின் அளவு ஏறாமலேயே.

இன்னொன்றும் இருக்கிறது. அதே அளவு சென்சாரில் அதிக பிக்சலை அடைத்தால் ஒவ்வொரு பிக்சலும் சிறுத்துப்போகும். இரவில் அதற்குக் கிடைக்கும் வெளிச்சமும் குறையும். பகலில் பளிச்சென்று இருக்கும் படம் இரவில் மணல் தூவினாற்போல் ஆவதற்கு இது ஒரு காரணம். லென்ஸ் கண்ணாடியின் தரமும் அந்த நுணுக்கத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். மெகாபிக்சலைக் கூட்டுங்கள், தப்பில்லை. முதலில் லென்ஸைச் சரிசெய்துவிட்டுக் கூட்டுங்கள்.

## பொருத்தும் படிகள்

1. உயரத்தை முடிவு செய்யுங்கள்.
அகலமாகப் பார்க்கும் கேமரா 3 மீட்டர், 4 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். முகம் பார்க்கும் கேமரா தாழ்ந்திருக்க வேண்டும். ஆள் 4 மீட்டர் தூரத்தில் நிற்கும்போது, 5 மீட்டர் உயரக் கேமரா அவரை 40 டிகிரி சாய்வில் பார்க்கும். தலைமுடியும் தொப்பியும்தான் பதிவாகும். 2.4 மீட்டர் உயரத்தில் வைத்தால் சாய்வு 11 டிகிரி. நெற்றி, கண், மூக்கு, தாடை எல்லாம் வரும். எட்டாத உயரத்தில் வைப்பது பத்திரம் என்று தோன்றும். கை எட்டாமல், முகம் தவறாமல் இருப்பது 2.4 முதல் 2.7 மீட்டர் வரை.

2. மின்சாரத்தை நிறுத்துங்கள்.
கேமராவுக்குப் போவது 12 வோல்ட்தான், ஆனால் அடாப்டருக்கு வருவது 230 வோல்ட். துளை போடும் முன் அந்தப் பகுதியின் எம்சிபியை இறக்கிவிட்டு, யாரும் மறுபடி போடாதபடி வீட்டில் சொல்லிவையுங்கள். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் சுவருக்குள் ஒயர் ஓடும். அந்தக் கோட்டில் துளை போடாதீர்கள்.

3. ஏணியைச் சரியாகச் சாய்த்து வையுங்கள்.
ஏணி நான்கடி உயரம் தொட்டால் அதன் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். எட்டடிக்கு இரண்டடி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். டிரில்லுடன் எட்டிச் சாய்ந்து வேலை செய்யாதீர்கள். இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுங்கள்.

> எச்சரிக்கை: வீட்டுக்கு அருகில் மின்கம்பி போனால் அலுமினிய ஏணியையும் இரும்புக் குழாயையும் அந்தப் பக்கம் நிமிர்த்தவே கூடாது. மழையிலோ, ஈரத் தரையிலோ, இடி மின்னல் நேரத்திலோ வேலையைத் தொடங்காதீர்கள். துளை போடும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். தலைக்கு மேல் துளைக்கும்போது தூள் நேராகக் கண்ணில் விழும்.

4. முக்கியமான இடத்தைப் படத்தின் நடுவில் வையுங்கள்.
அகல லென்ஸின் ஓரங்களில் கோடுகள் வளையும், தெளிவும் குறையும். கேட் மூலையில் வருகிறது என்றால் கேமராவைத் திருப்புங்கள். வானம் படத்தில் அதிகம் வேண்டாம். பகலில் வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சரிசெய்துகொண்டு, கேட்டில் நிற்பவரைக் கறுப்பாக்கிவிடும்.

5. வேரிஃபோகல் என்றால் முதலில் அகலம், பிறகு ஃபோகஸ்.
லென்ஸில் இரண்டு திருகு இருக்கும். ஒன்று காட்சியை விரிக்கும் அல்லது குறுக்கும், மற்றது ஃபோகஸ். முதல் திருகால் கேட்டும் இரு பக்கமும் ஒரு மீட்டரும் வரும்படி வைத்து இறுக்குங்கள். அதன் பின்னரே ஃபோகஸ். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் கலையும்.

6. ஃபோகஸை இரவில் ஒருமுறை சரிபாருங்கள்.
வெளிச்சத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் துளையுள்ள லென்ஸ் என்றால், பகலில் அந்தத் துளை சுருங்கியிருக்கும். அப்போது முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாகத் தோன்றும். இரவில் துளை விரிவதோடு, ஐஆர் (அகச்சிவப்பு) வெளிச்சம் குவியும் இடமும் சற்று மாறும். பகலில் சரியாக இருந்த ஃபோகஸ் இரவில் மங்குவது இதனால்தான். இருட்டிய பின் கேட்டில் ஒருவரை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துத் திருகை நகர்த்தி இறுக்குங்கள். மாலையிலேயே ஏணி வேலையை முடித்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் நல்ல டார்ச் வெளிச்சத்தில், துணைக்கு ஆளுடன் செய்யுங்கள்.

## மீட்டர் குச்சிச் சோதனை

கணக்கு காகிதத்தில் சரியாக வந்தால் போதாது. கேமரா உண்மையில் என்ன தருகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

1. சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியை எடுங்கள். தையல்காரர், ஜவுளிக்கடைக்காரர் வைத்திருக்கும் மீட்டர் கோல் மிகவும் வசதி. இரு முனையிலும் வெள்ளைத் தாள் சுற்றுங்கள்.
2. ஒருவர் கேட்டில் நின்று, அதைக் கேமராவுக்கு நேராக, மார்புக்குக் குறுக்கே பிடிக்கட்டும்.
3. போனில் தெரியும் நேரலையிலிருந்து படம் எடுக்காதீர்கள். டேட்டா மிச்சம் பிடிக்க அது பெரும்பாலும் குறைந்த தரத்தில் வரும். டிவிஆரின் (பதிவுப் பெட்டியின்) பதிவிலிருந்து முழுத் தரத்தில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுங்கள்.
4. கணினியில் அந்தப் படத்தைத் திறந்து, குச்சியின் இடது முனையில் கர்சரை வைத்து, அங்கே காட்டும் கிடைமட்டப் பிக்சல் எண்ணைக் குறியுங்கள். வலது முனையிலும் குறியுங்கள். கழித்தால் வருவதுதான் உங்கள் மீட்டருக்குப் பிக்சல்.
5. இதையே இரவிலும், ஆள் நடந்து வரும்போதும் எடுத்துப் பாருங்கள்.

அக்கா வீட்டில் புதிய கேமராவை மாட்டிய அன்று அவளே கோலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 308 வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது அவள் மூக்குத்தியின் மினுக்கம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. பழைய கேமராவை நான் கழற்றவில்லை. தெருவைப் பார்க்க அதைவிடப் பொருத்தமானது இல்லை. அதன் வேலை அது.

## இரவில் நுணுக்கம் எங்கே போகிறது?

லென்ஸும் தூரமும் சரியாக இருந்தும் இரவில் முகம் கலங்கினால் ஷட்டரைப் பாருங்கள். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.4 மீட்டர் போவார். ஷட்டர் 1/25 விநாடி திறந்திருந்தால் அதற்குள் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். மீட்டருக்கு 310 பிக்சல் தரும் கேமராவில் அது 17 பிக்சல் இழுவல். நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த நுணுக்கத்தில் பெரும்பகுதி அங்கேயே அழிந்துவிடும்.

- கேமரா அமைப்பில் ஷட்டரை 1/100 விநாடிக்கு மேல் நீளாதபடி கட்டுப்படுத்துங்கள். இழுவல் நான்கைந்து பிக்சலுக்குள் அடங்கும்.
- படம் இருண்டால் கேட் தூணில் ஒரு எல்இடி விளக்கு போடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. விளக்கு கேமராவின் கண்ணைப் பார்க்காமல் ஆள் முகத்தைப் பார்க்கட்டும்.
- ஐஆர் விளக்குள்ள கேமராவைச் சுவரையோ கூரை விளிம்பையோ ஒட்டி வைக்காதீர்கள். பக்கத்துச் சுவர் வெளுத்து, தூரத்துக் கேட் இருளும்.
- ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். கண்ணாடி மேல் ஓர் இழை வலை இருந்தாலே இரவுப் படம் பனி மூட்டமாகும். மாதம் ஒருமுறை மென்மையான துணியால் துடையுங்கள்.

வண்டி எண் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கேமரா வையுங்கள். கார் எண் பலகை 50 சென்டிமீட்டர் அகலம். இருசக்கர வாகனத்தின் பின்பலகை 20 சென்டிமீட்டர்தான். மீட்டருக்கு 250 பிக்சல் இருந்தாலும் பைக் பலகைக்கு 50 பிக்சல்தான் கிடைக்கும். போதாக்குறைக்கு இரவில் முகப்பு விளக்கு பலகையை வெளுத்துவிடும். காட்சியை ஒரு வண்டி அகலத்துக்குக் குறுக்கி, ஷட்டரை 1/250 அல்லது அதைவிட வேகமாக வைத்தால்தான் எழுத்து நிற்கும்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- எல்லா இடத்துக்கும் 2.8 வாங்குவது. நான்கு கேமரா தொகுப்பில் பெரும்பாலும் நான்குமே ஒரே லென்ஸாக வரும். வாங்கும்போதே ஒன்றையாவது மாற்றிக் கேளுங்கள்.
- அப்புறம் ஜூம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைப்பது. பதிவில் இல்லாத பிக்சலை ஜூம் உண்டாக்காது. இருக்கும் கட்டங்களைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.
- குறுகிய லென்ஸை மட்டும் மாட்டுவது. முகம் தெரியும், அவர் எந்தப் பக்கம் ஓடினார், கூட யார் வந்தார் என்பது தெரியாது. அகலமும் நுணுக்கமும் ஒன்றுக்கொன்று துணை.
- பதிவின் தரத்தைக் குறைத்து வைப்பது. அதிக நாள் சேமிக்க ஆசைப்பட்டுத் தரத்தைக் கீழே இறக்கினால், லென்ஸ் கொடுத்த நுணுக்கத்தை டிவிஆர் அழித்துவிடும்.
- பக்கத்து வீட்டு ஜன்னலைப் படத்தில் சேர்ப்பது. அகல லென்ஸில் இது தெரியாமலே நடக்கும். கேமரா அமைப்பில் அந்தப் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி உண்டு. மறைத்துவிட்டு, அந்த வீட்டாரிடமும் படத்தைக் காட்டிவிடுங்கள்.

## கடைக்குப் போகும் முன்

ஒரு தாளில் இவற்றை எழுதி எடுத்துப் போங்கள்:

1. எந்த இடம், என்ன கேள்வி?
2. கேமராவிலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர்?
3. வேண்டிய காட்சி அகலம் எவ்வளவு?
4. மீட்டருக்கு எத்தனை பிக்சல் வேண்டும்?
5. அதற்கு எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ், எத்தனை மெகாபிக்சல்?
6. இரவில் அங்கே வெளிச்சம் உண்டா?

கடைக்காரர் "எத்தனை மெகாபிக்சல் வேணும்?" என்று கேட்பார். "9 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் அகலம் தெரியணும்" என்று சொல்லுங்கள். சரியான கேமரா உங்கள் கைக்கு வரும்.